கஷ்டமான நாட்களிலும் உடற்பயிற்சி நின்றுபோகாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

உடற்பயிற்சியை ஆரம்பிப்பது பலருக்கும் பெரிய சிரமமாக இருப்பதில்லை. அட்டவணை போட்டு, ஷூ வாங்கி, இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் வேலை இழுத்துவிடும், இல்லையென்றால் இரவெல்லாம் தூக்கம் இருக்காது, இல்லையென்றால் மனசு எதிலும் ஒட்டாது. அந்த ஒரு நாள் இரண்டாகி, இரண்டு பத்தாகி, அப்படியே நின்றுபோகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கவனித்ததில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான்: திட்டத்தை எல்லோரும் உற்சாகமாக இருக்கிற நாளில் உட்கார்ந்து, உற்சாகமான நாளுக்காகவே போடுகிறார்கள். கஷ்டமான நாளுக்கென்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால் அந்த நாள் வரும்போது முழுசாகச் செய்வது, மொத்தமாக விடுவது என்று இரண்டே வழிதான் மிஞ்சுகிறது. அசந்துபோய் வீட்டுக்கு வருகிற யாரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

அதனால் இங்கே மோசமான நாளுக்கான திட்டம் முதலில் வரும், நல்ல நாளுக்கானது அப்புறம். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள் நாட்காட்டி அல்லது நோட்டுப் புத்தகம், அதோடு ஒரு பேனா. போன் செயலியும் போதும்தான், ஆனால் போனைத் திறந்ததும் வேறு எங்கோ போய்விடுகிற ஆள் என்றால் தாள்தான் நல்லது.

வீட்டுக்குள் ஒருவர் கை கால் நீட்டிப் படுக்கிற அளவு காலி இடம். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இது வேண்டும், ஏனென்றால் ஜிம்முக்குப் போக முடியாத நாளைத்தான் நாம் பேசப்போகிறோம்.

இதய நோய், சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், மூட்டுப் பிரச்சினை இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எவ்வளவு செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்கிற இரண்டையும் கேளுங்கள். இந்தச் சந்தேகம் மனசில் இருந்தால் சோர்வான நாளில் அதுவே விடுவதற்குக் காரணமாகிவிடும்.

## 1. உங்கள் கஷ்டமான நாள் எந்த வகை என்று பிரியுங்கள்

கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சி விட்டுப்போன நாட்களில், அல்லது இன்னும் தொடங்கவில்லை என்றால் 'இன்றைக்கு ஒன்றும் முடியாது' என்று தோன்றிய நாட்களில், என்ன நடந்தது என்று எழுதுங்கள். 'சோம்பேறித்தனம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது.

பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும். தூக்கம் குறைந்த நாள். நேரமே இல்லாத நாள். மனம் சோர்ந்த நாள். உடம்பு சரியில்லாத நாள். பயணம், விருந்தாளி, வேலை நேர மாற்றம் என்று வழக்கம் குலைந்த நாள்.

எதற்கு இந்தப் பிரிவு என்றால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நேரமில்லாத நாளில் உடம்பில் தெம்பு இருக்கும், அதனால் ஐந்து நிமிடம் வேகமாகச் செய்துவிடலாம். மனம் சோர்ந்த நாளில் நேரம் கொட்டிக் கிடக்கும், ஆனால் எழுந்திருப்பதே மலையாக இருக்கும், அங்கே வேகம் உதவாது, மெதுவான நடை உதவும். தூங்காத நாளில் கனமான எடை தூக்குவது ஆபத்து, கவனம் தப்பும். உடம்பு சரியில்லாத நாளில் சில நேரம் செய்யாமல் இருப்பதுதான் சரி. இத்தனையையும் 'மனசு வைத்தால் முடியும்' என்கிற ஒரே வாக்கியத்தால் சமாளிக்கப் பார்த்துத்தான் பலர் தோற்கிறார்கள்.

உங்களுக்கு அடிக்கடி வருகிற இரண்டு வகைகளை அடிக்கோடிடுங்கள். திட்டம் முதலில் அந்த இரண்டுக்குத்தான்.

## 2. மூன்று அளவு வையுங்கள், சின்னதிலிருந்து தொடங்கி

குறைந்தபட்சம். போன மாதத்தின் மிக மோசமான நாளிலும் செய்திருக்க முடியும் என்று நீங்கள் நம்புகிற அளவு. உதாரணமாக ஐந்து நிமிட நடை. அல்லது பத்து ஸ்குவாட் (நாற்காலியில் உட்காருவது போல இறங்கி எழுவது), சுவரில் கை ஊன்றிப் பத்து புஷ்-அப், முதுகையும் தோளையும் நீட்டி மடக்குவது. வியர்க்க வேண்டியதில்லை, உடை மாற்றக்கூட வேண்டியதில்லை.

பாதி. பதினைந்து நிமிடம் போல. வழக்கமான பயிற்சியில் முக்கியமான ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு அளவு. வழக்கமான நாளுக்கானது. இதை முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் உதவும்: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. மிதமானது என்றால் செய்துகொண்டே பேச முடியும், பாட முடியாது, அவ்வளவுதான்.

அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் உண்டு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் வரும். 'இவ்வளவு சின்னதைச் செய்து என்ன பயன்' என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இங்கே தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, குறைந்தபட்சத்தையே பெரிதாக வைப்பது. 'இருபது நிமிடம்கூட முடியாதா' என்று நல்ல நாளில் தோன்றும், கஷ்டமான நாளில் முடியாது. சந்தேகமாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள். இரண்டாவது தவறு இன்னும் மோசமானது: குறைந்தபட்சத்தை முடித்த பிறகு 'தொடங்கியாச்சு, இனி முழுசும் செய்துவிட வேண்டியதுதான்' என்று தன்னைக் கட்டாயப்படுத்துவது. இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை ஐந்து நிமிடத்துக்குக்கூட எழ மாட்டீர்கள், ஏனென்றால் ஐந்து என்று சொல்லி நாற்பது வாங்குகிறவரை யாரும் நம்ப மாட்டார்கள், அவர் நாமாகவே இருந்தாலும். ஐந்து முடிந்ததும் நிறுத்துகிற உரிமை உண்மையான உரிமையாக இருக்கட்டும்.

## 3. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று எழுதுங்கள்

அளவு முடிவான பிறகுதான் நேரம். தலைகீழாகச் செய்தால், 'காலை ஆறு மணி' என்று எழுதிவிட்டு ஆறு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

2002-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில் 248 மாணவர்களிடம் அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் கடுமையான பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு ஊக்கமூட்டும் தகவல்கள் மட்டும் தந்தார்கள். இன்னொரு குழு அதோடு சேர்த்து எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் வைத்தது. எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள், ஊக்கம் மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதம், எதுவும் பெறாதவர்களில் 38 சதவீதம். ஒரே வாரத்தின் கணக்குதான், வருஷக்கணக்கில் தாங்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஊக்கப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பதைவிட ஒரு வரி எழுதுவது மேல் என்பது தெரிகிறது.

கடிகாரத்தைவிட ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுவது உறுதியாக நிற்கும். பல் துலக்கிய பிறகு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்ததும், வேலை முடிந்து வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும். கஷ்டமான நாளில் நேரம் தள்ளிப்போகும், ஆனால் பல் துலக்குவது எப்படியும் நடந்துவிடும். அதனால்தான் இது.

ஒரு மாற்று நேரமும் எழுதுங்கள், ஒன்று மட்டும். காலையில் தவறினால் இரவு சாப்பாட்டுக்கு முன் என்பது மாதிரி. மூன்று நான்கு மாற்று வைத்தால் நாள் முழுக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று ஆகிவிடும்.

## 4. 'இப்படி ஆனால் இப்படி' என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

முதல் படியில் அடிக்கோடிட்ட இரண்டு வகைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம்.

'ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால், எடை தூக்க மாட்டேன், நடை மட்டும்.'

'வேலை முடிய நேரமாகிவிட்டால், வீட்டுக்குள் வந்ததும் உட்காருவதற்கு முன் குறைந்தபட்சத்தைச் செய்வேன்.'

'யாரிடமும் பேசப் பிடிக்காத நாளாக இருந்தால், ஜிம்முக்குப் போகாமல் வெளியே ஐந்து நிமிடம் தனியாக நடப்பேன்.'

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்த முறை இது. சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே கோர்த்துவைத்தால், சூழ்நிலை வந்ததும் செயல் நினைவுக்கு வரும், அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டியது குறையும். களைத்திருக்கும்போது நமக்கு வராத காரியமே முடிவெடுப்பதுதான்.

இரண்டு மூன்று வாக்கியம் போதும். பத்துப் பதினைந்து எழுதிய தாள்களையும் பார்த்திருக்கிறேன், எழுதியவருக்கே அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது. 'விட்டுவிட மாட்டேன்' என்று எழுதாதீர்கள். என்ன செய்வேன் என்றுதான் எழுத வேண்டும்.

## 5. முந்தைய நாள் இரவே தயார் செய்யுங்கள்

உடை, ஷூ, தண்ணீர் பாட்டில் கண்ணில் படுகிற இடத்தில். பாய் விரித்தே இருக்கட்டும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் சாக்ஸ் தேடப் போன இடத்தில் உட்கார்ந்து போனை எடுத்தவர்கள் ஏராளம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 'என்னை ஊக்கப்படுத்துங்கள்' என்று கேட்க வேண்டாம், அது அவர்களுக்கும் சங்கடம், சில நாளில் நச்சரிப்பாகவும் மாறும். 'இந்தப் பத்து நிமிடம் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்' என்று தெளிவாகக் கேளுங்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

## 6. அந்த நாள் வந்துவிட்டால்: செய்ய வேண்டிய வரிசை

சரி, எல்லாம் எழுதியாயிற்று. இன்று எழுந்ததிலிருந்தே ஒன்றும் ஓடவில்லை. இப்போது இந்த வரிசையில் போங்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல் உண்டா? உண்டென்றால் நேராக ஏழாம் படிக்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்ததுக்குப் போங்கள்.

'செய்யத் தோன்றுகிறதா' என்று உங்களையே கேட்காதீர்கள். பதில் தெரிந்த கேள்வி அது. 'எந்த அளவு' என்று மட்டும் கேளுங்கள். சந்தேகம் என்றால் குறைந்தபட்சம்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் மிக மெதுவாக. இதற்கு அழுத்தமான காரணம் உண்டு. பயிற்சி எவ்வளவு பிடித்திருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் மக்கள் குறைத்தே சொல்கிறார்கள், செய்து முடித்தபின் அதைவிடப் பிடித்திருந்தது என்கிறார்கள் என்று 2011-இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். காரணம், முன்கூட்டி நினைக்கும்போது மனம் பயிற்சியின் ஆரம்பத்தையே பிடித்துக்கொள்கிறது, ஆரம்பம்தான் பலருக்கும் கசப்பான பகுதி. அந்தப் பகுதியை நீங்களே மென்மையாக்கிவிட்டால் அடுத்த தடவை மனம் பயப்படுவதற்கும் விஷயம் குறையும். கஷ்டமான நாளில் வேகமாக ஆரம்பித்து மூச்சு வாங்கி நிறுத்தியவருக்கு அடுத்த நாள் இரட்டிப்பு வெறுப்புதான் மிச்சம்.

குறைந்தபட்சம் முடிந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று தோன்றினால் செய்யுங்கள். தோன்றவில்லையா, நிறுத்துங்கள். இரண்டுமே சரிதான்.

உடனே நாட்காட்டியில் குறியுங்கள். இரவு குறித்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

மனம் சோர்ந்த நாளுக்குக் கூடுதலாக ஒன்று. உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒலிப்புத்தகமோ தொடர் நிகழ்ச்சியோ இருந்தால், அதைப் பயிற்சி நேரத்தில் மட்டும் கேட்பது என்று ஒதுக்கிவையுங்கள். 2014-இல் கேத்தரின் மில்க்மன் குழுவினர் இப்படிச் சோதித்தபோது, ஜிம்மில் மட்டும் கேட்கக் கிடைத்த ஒலிப்புத்தகங்கள் தொடக்கத்தில் ஆட்களைக் கூடுதலாக ஜிம்முக்கு இழுத்தன, நடுவில் ஒரு விடுமுறை வந்ததும் அந்த விளைவு தேய்ந்துபோனது. அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. செய்யவே கூடாத நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

லேசான மூக்கடைப்பு, தும்மல் மட்டும் என்றால் மெதுவான நடை பரவாயில்லை. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஓய்வுதான். வைரஸ் காய்ச்சலின்போது சில நேரம் இதயத் தசையிலும் அழற்சி இருக்கக்கூடும், அந்த நிலையில் கடுமையாக உழைப்பது ஆபத்து. மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தபின், குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்குங்கள்.

பயிற்சியின் நடுவில் நெஞ்சில் வலியோ இறுக்கமோ, கண் இருட்டுவதோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்தி உடனடியாக மருத்துவ உதவி பெறுங்கள். இதில் மன உறுதியைக் காட்ட எதுவும் இல்லை.

புதியவர்கள் குழம்புகிற இன்னொரு இடம் தசை வலி. புதுப் பயிற்சி செய்த மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வலி உச்சத்துக்கு வரும். இரண்டு பக்கமும் சமமாக, தசை முழுக்கப் பரவி வலித்தால் அது சாதாரணம், லேசாக அசைந்துகொடுத்தால் நல்லது. ஒரே புள்ளியில், மூட்டில், குத்துகிற மாதிரி வலித்தால் அந்தப் பகுதிக்கு வேலை கொடுக்காதீர்கள்.

ஓய்வெடுத்த நாளை நாட்காட்டியில் 'ஓய்வு' என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது தோல்வி மாதிரித் தெரியும்.

## 8. விட்டுப்போன பிறகு திரும்புவது

விட்டுப்போகும். யாருக்கும் போகும். அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, புதியவர்களில் பலர் காணாமல் போவதும் இந்த இடத்தில்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும், நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்று நம்பி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருப்பதைப் பார்த்து மனம் விட்டவர்கள் இதைக் கவனியுங்கள். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

உடம்பும் நாம் பயப்படுகிற அளவுக்குச் சட்டென்று இழப்பதில்லை. இதயமும் நுரையீரலும் சேர்ந்து தருகிற தாங்குதிறன் சுமார் இரண்டு வாரத்தில் இறங்க ஆரம்பிக்கும், தசையின் பலம் மூன்று வாரம் வரைகூடப் பெரும்பாலும் நிற்கும்.

அதனால் இப்படித் திரும்புங்கள்:

- ஒன்று முதல் மூன்று நாள் விட்டிருந்தால், எதுவும் நடக்காத மாதிரி வழக்கமான அளவில் தொடருங்கள்.
- ஒரு வாரம் போல விட்டிருந்தால், முதல் நாள் பாதி அளவு, அப்புறம் வழக்கம்.
- இரண்டு மூன்று வாரம் என்றால், முதல் வாரம் முழுக்கப் பாதி அளவு. எடை தூக்குகிறவர்கள் எடையையும் குறையுங்கள்.
- ஒரு மாதத்துக்கு மேல் என்றால், குறைந்தபட்சத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ஏறுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: விட்ட நாட்களை ஈடுகட்டுவது. மூன்று நாள் பயிற்சியை ஒரே நாளில் செய்தால் அடுத்த மூன்று நாள் படியிறங்க முடியாது, மறுபடியும் விட்டுப்போகும். திங்கட்கிழமைக்கோ மாதப் பிறப்புக்கோ காத்திருக்கவும் வேண்டாம், விட்டது புதன் என்றால் வியாழன் குறைந்தபட்சம்.

## 9. பதிவு: மூன்று எழுத்து போதும்

முழு அளவுக்கு 'மு', பாதிக்கு 'பா', குறைந்தபட்சத்துக்கு 'கு'. கூடவே அன்று எப்படிப்பட்ட நாள் என்று ஒரே வார்த்தை: 'தூக்கம் இல்லை', 'வேலை', 'நன்று'. எடை, அளவு, கலோரி எல்லாம் இந்தத் தாளில் வேண்டாம். தினம் எடை பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் ஏறி இறங்குவதே ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் காட்டும், அதைப் பார்த்து மனம் உடைவது தேவையில்லாத வேலை.

## 10. நான்கு வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்

கால் மணி நேரம் போதும். 'மு' நிறைய இருந்தால் முழு அளவைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் குறைந்தபட்சத்தைக் கூட்டாதீர்கள். அதை எத்தனை வருஷமானாலும் அப்படியே வையுங்கள்.

காலிக் கட்டங்கள் ஒரே கிழமையில் விழுந்திருந்தால் அந்தக் கிழமையின் நேரம் தவறு, மாற்றுங்கள். ஒரே காரணத்தால் விழுந்திருந்தால் நான்காம் படிக்குப் போய் அதற்கு ஒரு புது வாக்கியம் எழுதுங்கள்.

'கு' மட்டுமே நிறைந்திருந்தால், அதன் பக்கத்தில் எழுதிய வார்த்தைகளைப் படியுங்கள். பெரும்பாலும் 'தூக்கம் இல்லை' என்றிருந்தால், பயிற்சியை விட்டுவிட்டுத் தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள், படுக்கிற நேரத்தை அரை மணி முன்னே கொண்டுவருவதிலிருந்து. வேலை என்றிருந்தால் முழு அளவு உங்கள் இப்போதைய வாழ்க்கைக்குப் பெரிது, வாரத்தில் மூன்று நாளாகக் குறையுங்கள். தொடர்ந்து இரண்டு வாரத்துக்கும் மேலாக மனம் கனத்தே இருக்கிறது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது என்றால், அதைப் பயிற்சித் திட்டத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள், போகும்போது இந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து, எத்தனை நாள் என்று அவர் கேட்கிற முதல் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.